தண்ணீர்த் தொட்டிப் பக்கம்

ரயில் நிலையக் குடியிருப்பு
3 ஜனவரி 1994, திங்கள்

மேலிடத்துக்கு,

இங்கே கூரையும் நானும் ஒருவாறு நின்றுகொண்டிருக்கிறோம். உன் மூச்சு எப்படி இருக்கிறது என்பதைப் பதிலின் முதல் வரியிலேயே எழுது, மற்றவை பிறகு.

நீ மகள் வீட்டுக்குப் புறப்பட்டது சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி, ஞாயிறு. அன்று வாசலில் நடந்த பேச்சைப் பற்றி இக்கடிதத்தில் எதுவும் இராது. மணமாகி முப்பத்தெட்டு ஆண்டுகளில் நமக்குள் கடிதம் எழுதிக்கொள்ளும் தேவை ஏற்பட்டதில்லை. எப்படி விளிப்பது என்று விளங்காமல், வீட்டில் நான் உன்னைக் கேலியாக அழைப்பதையே மேலே எழுதியிருக்கிறேன்.

செய்தி இது. ஒரு பயணி வண்டியாவது இந்நிலையத்தில் மீண்டும் நிற்க வேண்டும் என்று நான் அனுப்பிவரும் மனுக்களில் ஒன்று கடைசியில் யாரோ ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது. அதிகாரி ஒருவர் நேரில் பார்வையிட வருவார் என்றும், அதற்குள் நிலையத்தின் வரலாற்றைச் சுருக்கமாக எழுதி வைக்கும்படியும் டிசம்பர் 28 தேதியிட்ட கடிதம் வந்தது. 'சுருக்கமாக' என்ற சொல்லை நான் பொருட்படுத்தவில்லை.

தொடக்கம் இவ்வாறு அமைந்திருக்கிறது: "இந்நிலையம் எந்த ஊருக்காகவும் கட்டப்பட்டதன்று. நீராவி இன்ஜின்களின் தாகத்துக்காகக் கட்டப்பட்டது. முதலில் எழுந்தது தண்ணீர்த் தொட்டி (1908). தண்ணீர் பிடிக்க வண்டிகள் நின்றன. நின்ற வண்டியில் வழிப்போக்கர்கள் ஏறினார்கள். அவர்களுக்காக நடைமேடையும், நடைமேடைக்காகக் கட்டடமும் (1911, பிப்ரவரி 1) வந்தன. ஊர் கடைசியாக வந்தது."

கீமேனிடம் வாசித்துக் காட்டினேன். நாள்தோறும் சுத்தியலால் தண்டவாள ஆணிகளைத் தட்டிக்கொண்டே இவ்வழியாக நடப்பவர். இப்போது எனக்கு வாய்த்த ஒரே மனிதத் துணை. "தாகம்னு சொன்னதும்தான் ஞாபகம் வருது மாஸ்டர், ஒரு டீ கிடைக்குமா? மேலிடம் இருந்தா கேக்காமலே வந்திருக்கும்" என்றார். நான் போட்ட தேநீரைக் குடித்துவிட்டு, மேலிடம் எப்போது திரும்பும் என்று மறுபடி விசாரித்தார்.

நடைமேடைக் கூரை சூறாவளியில் பறந்தது 1967 அக்டோபர் 9 என்பது என் நினைவு. உறுதி செய்யவும்.

நீ எடுத்துச் சென்ற பெரிய கறுப்புக் குடை நிலையத்துக்குச் சொந்தமானது. அவசரமில்லை.

இப்படிக்கு,
ஸ்டேஷன் மாஸ்டர் (ஓய்வு)


மகள் வீடு
10 ஜனவரி 1994

மாஸ்டருக்கு,

மேல 'மேலிடம்'. கீழ 'ஸ்டேஷன் மாஸ்டர், ஓய்வு'. இது பொண்டாட்டிக்கு எழுதின கடுதாசியா, இல்ல மெமோவா? மகள் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. நானும் சிரிச்சேன். சிரிச்சா இருமல் வருது, அதனால பாதியில நிறுத்திக்கிட்டேன்.

மூச்சு முதல் வரியில வரல. இந்தாங்க, இப்ப எழுதறேன். படுத்தா அடைக்குது. ரெண்டு தலையணையை முதுகுக்கு அண்டக் குடுத்து உக்காந்தபடியே தூங்கறேன். இதயத்துல வால்வு பழுதாம். ஆபரேஷன் பண்ணாம விட்டா இந்த வருஷத்தைத் தாண்டறது கஷ்டம், பண்ணினாலும் உறுதி சொல்ல முடியாதுன்னு டாக்டர் மருமகன்கிட்ட சொல்லியிருக்கார். எனக்குத் தெரியாதுன்னு ரெண்டு பேரும் நினைச்சுக்கிட்டிருக்காங்க. கதவோரமா நின்னு கேட்டுட்டேன். அந்த ஆபரேஷனும் இந்த ஊர்ல கிடையாது. நம்ம ஸ்டேஷனையும் தாண்டிப் போனா வருமே, பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற ஊரு, அங்கதான்.

அன்னிக்குப் பேச்சைப் பத்தி நீங்க எழுதமாட்டீங்க. நான் எழுதறேன். மருமகன் கார்ல உக்காந்தாச்சு. நான் இறங்கி வந்து, "நீங்களும் வாங்க, ரயில் நிக்காத ஸ்டேஷனை யாரும் தூக்கிட்டுப் போயிடமாட்டாங்க"ன்னேன். நீங்க என்ன சொன்னீங்க? "போறவங்களுக்குப் பச்சைக் கொடி காட்டியே பழகின கை இது. போ." அவ்வளவுதான். வாசல்ல கூட நிக்காம உள்ள போயிட்டீங்க. வர்ற வழி முழுக்க அந்த 'போ' தான் காதுல விழுந்துக்கிட்டு வந்துச்சு.

கூரை பறந்தது 67 இல்ல, 66. அப்ப மகள் தவழ்ந்துக்கிட்டிருந்தா. தகரம் ஒண்ணு பறந்து வந்து அடுக்களை வாசல்ல, அவ இருந்த இடத்துல விழுந்துச்சு. ஒரு நொடி முன்னாடிதான் அவளைத் தூக்கியிருந்தேன். நீங்க கூரை போன சேதியைத் தந்தி அடிச்சுக்கிட்டிருந்தீங்க. புள்ளை பொழைச்ச சேதி உங்களுக்குச் சாப்பிட உக்காந்தப்பதான் தெரியும். முடிஞ்சா வரலாறுல அதையும் சேருங்க.

ஆபரேஷனுக்கு நீங்க பக்கத்துல இருக்கணும். இது மெமோ இல்ல. கேட்டுக்கறேன்.

குடையைத் தரமாட்டேன். இங்க மழை.

மேலிடம்


ரயில் நிலையக் குடியிருப்பு
18 ஜனவரி 1994, செவ்வாய்

மேலிடத்துக்கு,

ஆய்ந்து பார்த்ததில் 1966 என்பதே சரி. திருத்திவிட்டேன். குழந்தை தப்பிய செய்தியை வரலாற்றில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கூரை என்ற தலைப்பின் கீழ் வைத்தால் அதிகாரி என்ன நினைப்பார்? ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

உன் கடிதத்தின் இரண்டாம் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால் கை நிலையத்தைப் பற்றியே எழுதுகிறது. ஆகையால் நிலையத்தைப் பற்றியே முதலில்.

"டீசல் இன்ஜின் இப்பாதையில் முதன்முதலாக ஓடியது 1971 மே 4. அதற்குத் தாகமில்லை. தண்ணீருக்காக நின்ற வண்டிகள் அன்றிலிருந்து பயணிகளுக்காக மட்டும் நின்றன. பயணிகள் குறைந்ததும் அதுவும் ஏன் என்று மேலே கேட்டார்கள். 1976 ஏப்ரல் 1 முதல் விரைவு வண்டி நிற்பது ரத்து. 1979 நவம்பர் 15இல் சரக்குக் கொட்டகை மூடல். தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன்கள் வேறு நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் போனதும் பள்ளிக்கூடம் போயிற்று. பள்ளிக்கூடம் போனதும் கடைகள். வரும்போது கடைசியாக வந்த ஊர், போகும்போது முதலில் போனது. 1984 ஜூன் 30, சனிக்கிழமை, கடைசிப் பயணி வண்டி இங்கே நின்று புறப்பட்டது. அதற்குக் கொடி காட்டிய அதிகாரி அன்றே ஓய்வு பெற்றார்."

அந்த வண்டியில் ஏற எவரும் இல்லை என்பதையும், நீ காப்பிக் குவளையோடு ஓடி வந்து வண்டியின் கார்டிடம் கொடுத்ததையும் வரலாற்றில் எழுதவில்லை. அது எனக்கும் உனக்கும் தெரிந்தால் போதும்.

இப்போது இரண்டாம் பத்தியும் உன் வேண்டுகோளும். என்னால் வர இயலாது. காரணம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இக்குடியிருப்பில் நான் வாடகைக்கு இருக்க அளிக்கப்பட்ட அனுமதியின் நிபந்தனை: பார்வைக்கு வரும்போது வீடு பூட்டியிருந்தால் காலி செய்யப்பட்டதாகக் கருதி, நிலையக் கட்டடத்தோடு சேர்த்து இடிப்புக்கு ஒப்படைக்கப்படும். பார்வைக்கு வரும் நாளை அவர்கள் தெரிவிக்கவில்லை. பிப்ரவரிக்குள் என்று மட்டும் இருக்கிறது. நான் ஒரு நாள் நகர்ந்தால் அந்த நாளே அவர் வரக்கூடும்.

சிகிச்சையை மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைக்க இயலுமா என்று மருத்துவரிடம் விசாரித்து எழுதவும். மார்ச்சில் நான் எங்கு வேண்டுமானாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
நான்


மகள் வீடு
27 ஜனவரி 1994

உங்களுக்கு,

டாக்டர்கிட்ட போய் என்னன்னு கேக்கட்டும்? "எங்க வீட்டுக்காரர் ஸ்டேஷனைப் பார்க்க ஆபீசர் வர்றார், இந்த வால்வைக் கொஞ்சம் மார்ச் வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லுங்க"ன்னா? அவர் என்னைப் பார்க்கமாட்டார், உங்களைத்தான் வைத்தியத்துக்குக் கூட்டிட்டு வரச் சொல்வார்.

மூணு பிரமோஷன் வந்துச்சு. மூணையும் வேண்டாம்னு எழுதிக் குடுத்தீங்க. நான் ஒண்ணும் சொல்லல. டவுன்ல வீடு, குழாயில தண்ணி, புள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம், எல்லாம் போச்சு. ஸ்டேஷன் மூடின அப்புறமாவது வருவீங்கன்னு நினைச்சேன். அப்பவும் ஒண்ணும் சொல்லல. எல்லாரும் சக்களத்தின்னா பொம்பளைன்னு நினைப்பாங்க. எனக்கு வாய்ச்சது செங்கல்லும் சுண்ணாம்பும். அவளுக்கு வரலாறு வேற எழுதறீங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அங்க வண்டி நின்னா யாருக்கு லாபம்? யாருக்காக இந்த மனு?

கோபத்துல எழுதிட்டேன். கிழிச்சுட்டு வேற எழுதலாம்னு பார்த்தேன், மூச்சு வாங்குது, அதனால அப்படியே இருக்கட்டும்.

பிப்ரவரி 17 சேர்க்கச் சொல்லியிருக்காங்க. 15ஆம் தேதி செவ்வாய்க்கிழமை கிளம்பறோம். கார் தூக்கித் தூக்கிப் போடும், ஆகாதுன்னு ரயில்லதான். மகள் கூட வர்றா, மருமகன் மறுநாள் வருவார். நாங்க போற வண்டி எது தெரியுமா? மத்தியானம் நம்ம வாசல் வழியா போகுமே, பாத்திரமெல்லாம் அதிரும், நான் திட்டுவேனே, அதேதான். நம்ம வீட்டைத் தாண்டித்தான் போகப்போறேன். நிக்காது.

கல்யாணமாகி நான் அங்க வந்து இறங்கின அன்னிக்கு வண்டி நின்னுச்சு. நீங்க டூட்டியில இருந்தீங்க. புதுப் பொண்டாட்டியைப் பார்க்கல, கார்டுக்குக் கொடி காட்டிட்டு அப்புறம்தான் திரும்பிப் பார்த்தீங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எனக்காக செவப்புக் கொடி காட்டுங்களேன். வண்டி நிக்கட்டும். நீங்க ஏறிக்கோங்க. அப்புறம் என்ன பண்ணினாலும் பண்ணட்டும்.

ஏறாட்டியும் பரவாயில்ல. பிளாட்பாரத்துல வந்து நில்லுங்க. பார்த்துட்டுப் போறேன்.


ரயில் நிலையக் குடியிருப்பு
2 பிப்ரவரி 1994, புதன்

மேலிடத்துக்கு,

யாருக்காக என்று கேட்டாய். சென்ற ஆகஸ்ட் 19, வியாழன், நடுப்பகலில் உனக்கு மூச்சு முட்டியது நினைவிருக்கும். உன்னை நடைமேடை பெஞ்சில் காற்றுக்காக உட்காரவைத்து விசிறிக்கொண்டிருந்தபோது அந்த வண்டி வந்தது. வைத்தியர்கள் இருக்கும் ஊருக்குப் போகும் வண்டி. அத்தனை பெட்டிகளும் நம் முன்னால், கைக்கெட்டும் தூரத்தில், நிற்காமல் போயின. மறுநாள் ஆகஸ்ட் 20இல் முதல் மனுவை எழுதினேன். இதை முன்பே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சிவப்புக் கொடி காட்ட இயலாது. தக்க காரணமின்றி ஓடும் வண்டியை நிறுத்துவது குற்றம். அதுவும் ஓய்வு பெற்றவன் கொடி பிடிப்பதே முறையன்று. ஆனால் நிற்பேன். கொடியோடு நிற்பேன்.

இனி எழுதுவதைக் கவனமாகப் படி. மகளையும் படிக்கச் சொல்.

வண்டி நம் நிலையத்தைக் கடப்பது பகல் 1.40 அளவில். சொன்ன நேரத்துக்கு வரும் வண்டி அது, பாத்திரங்கள் சாட்சி. வளைவு இருப்பதால் இங்கே வேகம் குறைத்தே போகும். வண்டி போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்தால் நம் நடைமேடை இடப்பக்கம். ஆனால் நீங்கள் ஏறும் இடத்தில் வலப்பக்க ஜன்னலோரம் உட்கார வேண்டும். குழம்பாதே. நடுவில் வரும் ஜங்ஷனில் வண்டி முன்னே வந்து பின்னே போகும். அதாவது இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் பூட்டுவார்கள். அதுவரை வலமாக இருந்த பக்கம் அதன் பிறகு இடமாகிவிடும். இது தெரியாமல் இடப்பக்கம் உட்காருகிறவர்கள் நம் நிலையத்தைக் காணாமல் எதிர்ப்பக்கத் தண்ணீர்த் தொட்டியை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்கள். எத்தனையோ பயணிகள் அப்படி ஏமாந்ததை நான் பார்த்திருக்கிறேன். எனவே: ஏறும்போது வலம்.

என் கண்ணில் புரை விழுந்திருப்பது உனக்குத் தெரியும். முகம் தெரியாது, நிறம் தெரியும். உன் கடுகு மஞ்சள் சால்வையை ஜன்னலுக்கு வெளியே தெரியும்படி பிடித்திரு. நான் வெள்ளை யூனிபார்ம் கோட்டு, தொப்பியோடு நடைமேடையின் நடுவில், கடிகாரம் இருந்த இடத்துக்கு நேர்கீழே நிற்பேன்.

அதிகாரி இன்னும் வரவில்லை. வந்துபோய்விட்டால் அன்றே புறப்பட்டு மருத்துவமனைக்கு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
நான்


மகள் வீடு
8 பிப்ரவரி 1994

உங்களுக்கு,

ஆகஸ்ட் மாசத்துச் சங்கதியை இப்ப வந்து சொல்றீங்க. அன்னிக்கே சொல்லியிருந்தா அந்த வாசல் சண்டையே வந்திருக்காது. உங்களுக்கு எல்லாத் தேதியும் தெரியும், எதை எப்ப சொல்லணும்னு மட்டும் தெரியாது. திட்டலை.

வலப்பக்க ஜன்னல் கிடைச்சாச்சு. ரிசர்வேஷன் கவுன்ட்டர்ல மகள் ஒரு சண்டையே போட்டிருக்கா. "எந்தப் பக்கமா இருந்தா என்னம்மா, எல்லா ஜன்னல்லயும் ஒரே காத்துதான்"னானாம் அந்த ஆளு. "எங்கப்பா வலம்னா வலம்தான் சார், அவர் சொன்னா இன்ஜினே கேக்கும்"னாளாம் இவ.

சால்வையைத் துவைச்சு வெச்சிருக்கேன். உங்களுக்கு ஒரே கட்டளை. அந்தக் கந்தல் சாம்பல் ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு வந்து நிக்காதீங்க, முழங்கையில ஒட்டுப் போட்டது. பார்க்கிறவங்க பொண்டாட்டி விட்டுட்டுப் போன ஆளுன்னு நினைப்பாங்க.

நின்னுக்கிட்டே இருங்க. வண்டி கண்ணுக்கு மறையற வரைக்கும் உள்ள போகாதீங்க.


ரயில் நிலையக் குடியிருப்பு
15 பிப்ரவரி 1994, செவ்வாய், பிற்பகல்

என் மேலிடத்துக்கு,

பார்த்தேன்.

வண்டி கடந்து அடுப்பு கூட மூட்டவில்லை. இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். வளைவில் ஹாரன் கேட்டதும் கொடியை விரித்தேன். பெட்டிகள் வரிசையாகப் போயின. எல்லாம் நீலமும் அழுக்கும். கடைசிக்குச் சற்று முன்னே உள்ள பெட்டியில் ஒரு ஜன்னலில் மஞ்சள். நீதான். கையை முழுதாக வெளியே நீட்டி ஆட்டினாய். நான் பச்சைக் கொடியைத் தாழ்த்தி மீண்டும் உயர்த்தினேன். நடைமேடையின் ஓரம் வரை கூடவே நடந்தேன். விழுந்துவிடுவேன் என்று நீ பயந்திருப்பாய். விழவில்லை. வண்டியின் பின்முனை மறையும் வரை நின்றேன். அதற்குப் பிறகும் நின்றேன்.

அன்று வாசலில் சொன்ன சொல்லுக்கு இந்தக் கொடி ஈடாகாது. ஆனாலும் நீ கை ஆட்டினாய். அதை நான் என் விருப்பப்படி பொருள் செய்துகொண்டேன்.

ஒரு விஷயத்தில் உன் கட்டளை மீறப்பட்டது. எதுவென்று எழுதப்போவதில்லை, நீயே கண்ணால் கண்டிருப்பாய். ஏசுவாய் என்று எதிர்பார்க்கிறேன். ஏசி எழுது.

நிலையத்தின் வரலாற்றை இன்றைய தேதியோடு முடித்துவிட்டேன். கடைசிப் பத்தியில் உன்னைச் சேர்த்திருக்கிறேன். அதிகாரி அடித்துவிட்டாலும் பரவாயில்லை.

கீமேன் வந்து, "என்ன மாஸ்டர், முகத்துல வெளிச்சமா இருக்கு?" என்றார். தேநீர் போட்டுக் கொடுத்தேன். இன்று நன்றாக இருக்கிறதாம்.

இப்படிக்கு,
உன்னுடைய
நான்


ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு
19 பிப்ரவரி 1994

என்னங்க,

உங்க கடுதாசி நேத்து வந்துச்சு. படுத்துக்கிட்டே எழுதறேன், எழுத்து கோணலா இருக்கும்.

நானும் பார்த்தேன். வெள்ளைக் கோட்டு, தொப்பி, பித்தளைப் பொத்தானெல்லாம் வெயில்ல பளபளன்னு. கல்யாணமாகி வந்து இறங்கின அன்னிக்குப் பார்த்த மாதிரியே இருந்தீங்க. மகள்கிட்ட, "பாருடி உங்கப்பாவை"ன்னேன். பச்சைக் கொடி ரொம்ப தூரத்துக்குக் கண்ணுலயே நின்னுச்சு. நான் கையை ஆட்டினதுக்கு அர்த்தம் நீங்க நினைச்சதேதான். அன்னிக்கு வாசல்ல சொன்னதெல்லாம் அதோட போச்சு. மனசுல வெச்சுக்கிட்டு இருக்காதீங்க.

என்ன கட்டளையை மீறினீங்க? முகச் சவரம் பண்ணலையா? ஓடற வண்டியில இருந்து தாடியெல்லாம் எனக்கு எங்க தெரியப்போகுது. அதனால திட்டலை, விட்டுட்டேன்.

திங்கக்கிழமை ஆபரேஷன். பயமா இல்லைன்னு எழுதினா நம்பமாட்டீங்க. பயமாத்தான் இருக்கு. ஆபீசர் வந்துட்டுப் போயிட்டா உடனே கிளம்பி வாங்க. வராட்டி அங்கயே இருங்க, ஓடி வந்து வழியில விழுந்து வைக்காதீங்க. அதான் பார்த்துட்டோமே.

சாப்பிடுங்க. பால்காரன் தண்ணி ஊத்தறான், சொல்லிப் பார்த்து வாங்குங்க.


ரயில் நிலையக் குடியிருப்பு

என் மேலிடத்துக்கு,

தேதி போடாமல் நான் எழுதும் முதல் கடிதம் இது. தேதி தெரியும். எந்த நாளுக்கு எதிரே எழுதினாலும் அது நீ இல்லாத நாளாக இருக்கிறது, ஆகையால் விட்டுவிட்டேன். இதை அனுப்ப முகவரியும் இல்லை.

உன் கடிதம் பிப்ரவரி 22 காலை வந்தது. 'வெள்ளைக் கோட்டு' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அந்தக் கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது இரு கைகளையும் முதுகையும் கரையான் தின்றிருந்தது. தொப்பியில் விளிம்பு மட்டும் மீதி. வேறு வழியின்றி, நீ வேண்டாம் என்ற அதே சாம்பல் நிற ஸ்வெட்டரைத்தான் அன்று அணிந்திருந்தேன். அதைத்தான் மீறிய கட்டளை என்று எழுதினேன். என்னை அன்று பார்த்த எவரும் வெள்ளைக் கோட்டைப் பார்த்திருக்க முடியாது. மூன்றாம் முறை படித்துக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது.

வீட்டைப் பூட்டினேன். சாவியைக் கீமேனிடம் கொடுக்கவும் காத்திராமல் பிரதான சாலை வரை நடந்து, பேருந்து மாறி மாறி, மறுநாள் வந்து சேர்ந்தேன். நீ காத்திருக்கவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை; காத்திருக்க வைத்தவன் நான்.

எல்லாம் முடிந்த பிறகு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அந்த வெள்ளைக் கோட்டைப் பற்றி மகளிடம் கேட்டேன். அவள் முதலில் சொல்ல மறுத்தாள். பிறகு அழுதுகொண்டே சொன்னாள்: "நீங்க எழுதின மாதிரியேதான்ப்பா உக்காந்தோம். அம்மா காலையில இருந்து ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கல. சால்வையை நீட்டிப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்க. பார்த்தா தண்ணித் தொட்டி வருது. 'ஐயோ, அப்பா அந்தப் பக்கம்டி'ன்னு எழுந்தாங்க. நடைபாதை நிறைய ஆளுங்க. மூச்சு வாங்கி அப்படியே உக்காந்துட்டாங்க. நான் ஓடிப்போய் எட்டிப் பார்க்கறதுக்குள்ள ஸ்டேஷன் போயிடுச்சுப்பா."

"அது எப்படி? ஜங்ஷனில் இன்ஜின் மாறுமே" என்றேன்.

மருமகன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இல்ல மாமா. வண்டி இப்ப ஜங்ஷனுக்குள்ளயே போறதில்ல. பைபாஸ் லைன் போட்டு அஞ்சாறு வருஷம் ஆச்சு. நேரா போயிடும்."

எந்தத் தேதியில் அப்பாதை திறக்கப்பட்டது என்று கேட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. "தேதியா மாமா இப்ப முக்கியம்?" என்றார். சரிதான். கடந்துபோகும் நேரம் மாறாதிருந்ததால், நான் எதையும் விசாரிக்கவில்லை. இந்நிலையத்தின் வாசலை விட்டு நகராமலே பாதை முழுவதையும் அறிந்தவன் என்று இருந்துவிட்டேன். இத்தனை பயணிகள் ஏமாந்ததைப் பார்த்தவன், உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்தப் பக்கம் உட்காரவைத்திருக்கிறேன்.

என் கடிதம் வார்டுக்கு வந்ததும் நீ படித்துவிட்டு மகளிடம் சொன்னாயாம்: "அவர் என்னைப் பார்த்துட்டார்ங்கறார்டி. அப்படியே இருக்கட்டும். நானும் பார்த்தேன்னு எழுதிடறேன்."

அன்று ஜன்னலில் மஞ்சள் துணியோடு கை ஆட்டியவள் யார் என்று எனக்குத் தெரியாது. வயதானவள்கூட அல்லாதிருக்கலாம். பைத்தியக்காரக் கிழவன் ஒருவன் வெறும் நிலையத்தில் கொடி பிடித்து நிற்கிறானே என்று இரங்கி ஆட்டியிருப்பாள். நம் சண்டை அவளோடு சமாதானமாயிற்று.

சிவப்புக் கொடியும் அன்று என்னிடம் இருந்தது. இடக்கையில், சுருட்டியபடி. கொடி பிடிப்பவன் இரண்டையும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. தக்க காரணமின்றி விரிக்கக் கூடாது என்பதும் விதி. காரணம் அந்த வண்டியில், மறுபக்க ஜன்னலில், மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

திரும்பி வந்தேன். பூட்டு அப்படியே இருந்தது. நான் இல்லாத நாட்களில் எவரும் வரவில்லை. எதற்குப் பயந்து உன்னைத் தனியே அனுப்பினேனோ அது நடக்கவில்லை. நான் உன்னோடு அந்த வண்டியில் வந்திருந்தாலும் நடந்திருக்காது.

அதிகாரி மார்ச் 11, வெள்ளியன்று வந்தார். இளைஞர், மரியாதையானவர். வரலாற்றை நின்றபடியே சில பக்கங்கள் புரட்டினார். "நல்லா எழுதியிருக்கீங்க, பெரியவரே" என்றார். நடைமேடையின் இரு முனைகளையும் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்: "ஒண்ணே ஒண்ணுதான் எழுதணும். இங்க வண்டி நின்னா யார் ஏறுவாங்க, யார் இறங்குவாங்க?"

ஆகஸ்ட் முதல் இதற்கான விடை என்னிடம் தயாராக இருந்தது.

"யாருமில்லை. எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன்.

அவர் உடனே எழுதவில்லை. "யோசிச்சு சொல்லுங்க" என்றார். யோசித்துத்தான் சொன்னேன் என்றேன். எழுதிக்கொண்டார். இடிப்பது எப்போது என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்லவந்ததையும் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

வரலாற்றிலிருந்து ஒன்றையும் மாற்றவில்லை, இரண்டைத் தவிர. கடைசிப் பத்தியை எடுத்துவிட்டேன். அதில் எழுதியிருந்தது நிகழவில்லை. 1966 கூரைக்குக் கீழே பென்சிலில் இருந்ததை மையால் எழுதிவிட்டேன்: குழந்தையைத் தாய் தூக்கிக்கொண்டாள், தகரம் வெறுந்தரையில் விழுந்தது.

வண்டி அதே நேரத்துக்குப் போகிறது. பாத்திரங்கள் அதிர்கின்றன, திட்ட ஆளில்லை. ஹாரன் கேட்டதும் நான் தண்டவாளத்தைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், தண்ணீர்த் தொட்டியின் கீழே நிற்கிறேன். முதல் நாள் கீமேன் பார்த்துவிட்டு, "மாஸ்டர், பிளாட்பாரம் அந்தப் பக்கம்" என்றார். தெரியும் என்றேன். கொடி எதையும் எடுத்துப்போவதில்லை.

ஸ்வெட்டரைத்தான் போட்டுக்கொண்டு நிற்கிறேன். ஏசுவதானால் ஏசு.